என்னைத் துரத்திய வாடகை வீடு

வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு புத்திமதிதான் உண்டு. புரோக்கரிடம் சொல்லுங்கள், டீக்கடையில் சொல்லுங்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பூ கட்டிக்கொண்டு வரும் அக்காவிடம்கூடச் சொல்லுங்கள். அவர்கள் மிஞ்சிப்போனால் நாலு தெருவுக்குத்தான் சொல்வார்கள். செல்போனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடாதீர்கள்.

நான் சொன்னேன். (பெரிய புத்திசாலி என்கிற நினைப்பு வேற!)

அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் மாமனார் வீட்டில் குடித்தனம். வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். தினம் பஸ்ஸில் நசுங்கிப் போய் நசுங்கி வருவேன். என் வீட்டுக்காரர் குமார், பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு ஊர் ஊராக ஆர்டர் எடுக்கிறவர். அவர் எந்த ஊரில் குடியிருந்தாலும் ஒன்றுதான், எந்த ஊரிலும் இருக்கமாட்டார்.

மாமா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்றதில் காது மந்தம். ஆனால் அதை யாரும் சொல்லக்கூடாது. சொன்னால், "எங்காது நல்லாத்தான் இருக்கு. இந்த டிவியிலதான் சத்தம் பத்தல" என்பார். எங்கள் வீட்டு டிவியில் செய்தி ஓடினால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் தனியாகப் பேப்பர் வாங்க வேண்டியதில்லை.

அத்தை? அங்கேதான் சிக்கலே. அத்தை கொடுமைக்காரியாக இருந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். "ஆளை விடுங்க சாமி" என்று பெட்டியைத் தூக்கியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷி விடியுமுன் எழுந்து எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி, நான் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஓடி வருகிற ஆள். அவரிடம் போய், "எனக்குத் தனியா ஒரு வீடு வேணும், ஞாயித்துக்கிழமை எட்டு மணி வரைக்கும் தூங்கணும், சட்னியில உப்புக் கூடிப்போனா நானே தின்னுட்டு நானே பேசாம இருந்துக்கிடணும்" என்று எந்த வாயால் சொல்வது?

அதோடு, எங்கள் பக்கம் தனிக்குடித்தனம் என்கிற வார்த்தையை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெண் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசி, நெல் விலையைப் பற்றிப் பேசி, காப்பி குடித்து, கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பிள்ளைக்குத்தான் பஸ்ஸுல போயிட்டு வர அலைச்சலா இருக்குதாம்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போக வேண்டும். மீதியை இவர்கள் புரிந்துகொள்வார்கள். கான்சாபுரத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு இந்தச் சுற்றி வளைக்கிற வித்தையெல்லாம் வராது. விஷயத்தை வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டு, அப்புறம்தான் செருப்பைக் கழற்றுவார்.

அதனால் முதலில் சத்தமில்லாமல் வீட்டைப் பார்த்து வைப்போம், பக்குவமாகச் சொல்லுவது அப்புறம் என்று முடிவு கட்டினேன். என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. அவருக்குத் தெரிந்தால் அது அவருடைய அம்மாவுக்குத் தெரிந்த மாதிரி. ஒரு மத்தியானம் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, 'ஸ்ரீவில்லிபுத்தூர் வாடகை வீடு' என்று செல்போனில் தேடினேன். திறந்த பக்கமெல்லாம் பொடி எழுத்தில் ஏதோ நீளமாகச் சொல்லி, கீழே 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்று ஒரு பட்டனைக் காட்டியது. கல்யாணத்தன்று யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டினேனே, அதே பழக்கத்தில் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது.

நாளைக்குக் கரண்ட் எங்கெங்கே இருக்காது என்று செய்தி பார்க்கப் போனேன். மூன்று வரி படிப்பதற்குள் குறுக்கே ஒரு வீடு வந்து நின்றது. 'ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு படுக்கையறை. சிறு குடும்பத்துக்கு ஏற்றது.' மூடலாம் என்று பார்த்தால் மூலையில் கடுகளவுக்கு ஒரு பெருக்கல் குறி. அதைத் தொட்டால் வீடு மூடவில்லை. கதவைத் திறந்து அடுப்படி வரை கூட்டிக்கொண்டு போகிறது! கோலம் பார்க்கப் போனால் கோலத்துக்கு மேல் வீடு. ராசிபலன் பார்த்தால் என் ராசிக்கு நடுவில் வீடு. அப்புறம் ரெண்டு பேருக்கு மட்டும் சோறு வடிக்கிற குக்கர் வந்தது. அப்புறம் வீட்டுச் சாமான் ஏற்றுகிற லாரி. நான் இன்னும் ஒரு வீட்டின் வாசப்படியைக்கூட மிதிக்கவில்லை, அதற்குள் லாரி வந்து நின்று ஹாரன் அடிக்கிறது.

ஒரு நாள் வக்கீல் சார், "மதுரைக்கு அடுத்த பஸ் எப்பம்மா?" என்றார். செல்போனில் பார்த்துப் பந்தாவாக வாசித்தேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு குதி குதித்து வீட்டு விளம்பரத்துக்குத் தாவியது. என் வாய் நிற்கவில்லை. "பத்தே முக்காலுக்கு ஒண்ணு சார், போர்த் தண்ணி வசதி, சைவம் மட்டும்" என்றேன்.

சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சாதா பஸ்ஸு போதும்மா" என்றார்.

இதுகூடப் பரவாயில்லை. வீட்டில் அத்தையின் நடவடிக்கை மாற ஆரம்பித்தது. செல்போனைக் கையில் வைத்துக் காரக்குழம்பு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். நான் அடுப்படிக்குள் நுழைந்ததும் சட்டென்று குப்புறக் கவிழ்த்துவிடுவார். முகத்தில் ஒரு மாதிரி இருக்கும். "என்னத்தை?" என்றால், "ஒண்ணுமில்லட்டி, கண்ணு கூசுது" என்பார். கண் கூசுகிற ஆள் அத்தை இல்லை. கொத்துமல்லிக்கட்டில் இருக்கிற பூச்சியைக் கண்ணாடி இல்லாமல் பிடிக்கிறவர்.

அத்தைக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ரஹ்மத் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏட்டி செல்வி, வீட்டுல எல்லாருக்கும் ஒரே வைஃபைதான?"

"ஆமாக்கா."

"போச்சு. ஒரு வீட்டுக்குள்ள யாரு ஒருத்தர் தேடுனாலும் எல்லார் போனுக்கும் வரும். போன ரம்ஜானுக்கு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாம ஒரு வளையல் டிசைன் பாத்தேன். அவிய போன்ல வளையல் வளையலா வந்துச்சு. 'இது என்ன கூத்து'ன்னு மனுசன் பயந்தே வாங்கிக் குடுத்துட்டாவ."

"எனக்கும் வாங்கிக் குடுத்துருவாகளாக்கா?"

"ஒனக்குக் குடுப்பாவ, ஒங்க அத்தை. நல்லா வாங்கிக்கோ."

அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் யாரும் பார்க்காத நேரம் வைஃபை பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவது. வைஃபையில் ஓடுகிற மாமாவின் டிவி நின்றுபோகும். மாமா கத்துவார். நான் ஒன்றும் தெரியாத மாதிரி, "லைன்ல ஏதோ கோளாறு போல மாமா" என்பேன். செத்த நேரம் கழித்துப் பாவம் பார்த்து மாட்டிவிடுவேன். ஒரு நாள் பிடுங்கப் போனால் ப்ளக் ஏற்கெனவே கழன்று கிடக்கிறது. எலிதான் இழுத்திருக்கும் என்று நினைத்தேன். (எலி! இம்புட்டு அறிவை வச்சுக்கிட்டு நான் கோர்ட்டு காயிதம் அடிச்சிருக்கேன்.)

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வீட்டுக்காரர் ஊரில் இருந்தார். மட்டன் குழம்பு. எல்லோரும் டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா கிணறு தோண்டுகிற வீடியோ ஒன்றை முழு ஊருக்கும் கேட்கும்படி பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வரப்போகிற நேரம். கிணறு மறைந்தது.

"கூட்டுக் குடும்பத்தில் மூச்சு முட்டுகிறதா?" என்று ஒரு பெண் இடிமாதிரிக் கேட்டாள். "ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்களுக்கென்று ஒரு வீடு! உங்களுக்கென்று ஓர் அடுப்பு!"

எனக்கு நல்லி எலும்பு கையிலேயே நின்றுவிட்டது. "மாமா, ரிமோட்டு!" என்று கத்தினேன்.

"என்னது?"

"ரிமோட்டு மாமா, ரிமோட்டு!"

ரிமோட் அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியில் எங்கேயோ இருந்தது. அவர் நிதானமாக இந்தப் பக்கம் சாய்ந்து தேடினார், அந்தப் பக்கம் சாய்ந்து தேடினார். டிவிக்காரி மாடுலர் கிச்சனைத் திறந்து திறந்து மூடினாள். எழுந்து ஓடி டிவியை நிறுத்தலாம் என்று பாய்ந்தேன். ரசக் கிண்ணத்தில் கால் வைத்தேன். ரசம் என் வீட்டுக்காரர் மடியில் போய் உட்கார்ந்தது. அவர் "ஆத்தாடி!" என்று துள்ளியதில் அப்பளத் தட்டு பறந்தது. விளம்பரம் முடிந்தது. கிணற்றில் தண்ணீர் வந்திருந்தது. நாங்கள் பார்க்கவில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை, மானம் போயிற்று என்று நான் அத்தை பக்கம் திரும்பி, "அத்தை, மன்னிச்சிருங்க, நான் சும்மாதான் பாத்தேன்" என்றேன்.

அதே நேரம் அத்தை என் பக்கம் திரும்பி, "ஏட்டி, தப்பா நினைக்காத, நான் சும்மாதான் பாத்தேன்" என்றார்.

"நீங்க என்னத்தப் பாத்தீக?" என்றேன்.

"வீடுதான்."

"யாருக்கு?"

"எனக்கு."

என் வீட்டுக்காரர் ரசம் சொட்டச் சொட்ட, "அப்பா?" என்று கேட்டார்.

"அவிய வேணும்னா பொறவு வரட்டும்" என்றார் அத்தை.

அத்தை அன்றைக்குப் பேசிய மாதிரி அதற்கு முன்னால் பேசி நான் கேட்டதில்லை. "கல்யாணமாயி வந்தன்னைக்கு இது எங்க மாமியா அடுப்படி. அவுக போனதும் பிள்ளைக பள்ளிக்கூடம், இவியளுக்கு ஷிப்டு. அம்புட்டும் முடிஞ்சுதுன்னு உக்காந்தா இந்த டிவி. காலையில எந்திரிச்சதுலருந்து எங்காதுக்குள்ள எவனாவது கத்திக்கிட்டே இருக்கான். ஒரு காப்பி போட்டு, சத்தமில்லாம ஒரு எடத்துல உக்காந்து குடிக்கணும்டி. அம்புட்டுத்தான் ஆசை. எங்கயும் போவமாட்டேன்னு எனக்கே தெரியும். சும்மா படத்தையாச்சும் பாப்போம்னு பாத்தேன். அது விடமாட்டேங்குது. நீ பாத்துருவியோன்னு பயந்துதான் அந்த வயரப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன்."

எலி!

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் அந்த முகத்தில் பார்த்தது கோபம் என்று நினைத்திருந்தேனே, பாவி. என்னை மாதிரியே ஒருத்தி பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஒங்கம்மா என்னடா சொல்றா?" என்றார் மாமா மகனிடம். அவர் ரிமோட்டை அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்.

விஷயம் ஒரு வழியாக முடிவுக்கு வந்தது. "ரெண்டு பேரும் போனா அவிய கஞ்சிக்கு எங்க போவாவ? நீ சின்னவ, பஸ்ஸுல அலையுறவ, நீ போ" என்று அத்தைதான் தீர்ப்புச் சொன்னார். எங்களை இத்தனை நாள் துரத்திய வீடுகளில் ஒன்றும் அமையவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் பால்கோவா கடைக்காரர் தன் மச்சான் வீட்டு மாடி காலி என்று வாய்வார்த்தையாகச் சொன்னதுதான் அமைந்தது. வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் அத்தை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடுவார். காப்பியை வாங்கிக்கொண்டு பால்கனியில் உட்காருவார். பேசமாட்டார். நானும் பேசமாட்டேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் போனில் என்ன விளம்பரம் வந்தாலும் எல்லோரும் ஒரே குரலில் கேட்பது ஒன்றுதான்: "யாரு தேடுனது?" மூட்டுவலித் தைலம் வந்தால் கேட்போம். தொப்பை பெல்ட் வந்தபோது என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் யார் முகத்திலும் முழிக்கவில்லை.

போன தடவை நானும் என் வீட்டுக்காரரும் ராஜபாளையம் போயிருந்தபோது மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் விளம்பரம் வந்தது. "பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லையா? காதுக்குள் வைத்தால் வெளியே தெரியாது!"

நாங்கள் மூன்று பேரும் மெதுவாக மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். அத்தை எழுந்து போய் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். மாமாவுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து கேட்டார்.

"யாரு தேடுனது?"

மாமா தரையைப் பார்த்தார். "எல்லாத்தையும் காட்டிக் குடுத்துருது இந்தச் சனியன்" என்றார். அப்புறம் மெதுவாக, "நீ வெள்ளிக்கெழம ஆனா கெளம்பிப் போயிருத. எனக்கென்ன தெரியாதா, எதுக்குப் போறேன்னு?" என்றார்.

அத்தை டிவியை நிறுத்தினார். பிறகு, "வாங்குங்க" என்றார்.

இப்போது மாமா காதில் அந்த மெஷின் இருக்கிறது. வீட்டில் ஈ பறந்தாலும் திரும்பிப் பார்க்கிறாராம். அத்தை இன்னமும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். "அங்க டிவியில கொஞ்சம் சத்தம் வச்சாலும் காது வலிக்குதுங்காவ" என்று சொல்லி, என் வீட்டு டிவியில் முழுச் சத்தத்தில் சீரியல் பார்க்கிறார். காப்பியை எடுத்துக்கொண்டு இப்போது பால்கனிக்குப் போவது நான்.