கரடி விழுந்ததைக் காட்டிய கதை

ஒரு காட்டில், வேனில் பிறந்து கொடிகளெல்லாம் கூரைமேல் ஏறிக்கொண்டிருந்த நாளில், பொன்னுரங்கம் என்ற கரடி முல்லைக்கொடியை நறுக்கப் புறப்பட்டது. செடிகளுக்குத் தண்ணீர் பாய்ந்து தரை சேறாக இருந்தது. அதில் மூங்கில் ஏணியைச் சாய்த்துவைத்து ஏறியது. ஏணி ஒரு பக்கம் போயிற்று, கரடி மறு பக்கம் போயிற்று.

கொக்கு வைத்தியர் வந்து காலுக்கு மாவுக்கட்டுப் போட்டார். காலை அசைக்காமல் வைத்திருந்தால் தேன் காலத்துக்குள் எலும்பு கூடிவிடும், அசைத்தால் இந்த வருடம் மரம் ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். குட்டிகள் சாப்பிடுவது அந்தத் தேனை நம்பித்தான். கரடியின் மனைவி சூடாமணி பயந்துபோனது. ஏணியைச் சுவரோடு கட்டியது. தண்ணீர் பாய்ச்சும் ஹோஸைச் சுருட்டியது. புல்லில் கிடந்த அரிவாளைக் கூரையில் செருகியது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டது. இனி யாரும் விழ முடியாது என்று நிம்மதியாக உட்கார்ந்தது.

அப்போதுதான் பார்க்க வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

அந்தக் காட்டில் அடிபட்டவர் வீட்டுக்குப் போகாவிட்டால் பிறகு யார் முகத்திலும் விழிக்க முடியாது. போனால், எப்படி விழுந்தார் என்று கேட்காமல் திரும்பக் கூடாது. முதலில் வந்தது மாகாளிக் குரங்கு. கரடி பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னது. குரங்குக்கு மனம் ஆறவில்லை.

"ஏணி எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு மாமா? வாயால சொன்னா எனக்கு எப்படி விளங்கும்?"

ஏணி அவிழ்க்கப்பட்டது. தரை காய்ந்திருந்ததால் அன்று நடந்தது போலவே இல்லை என்று குறைப்பட்டு, குரங்கே ஹோஸை விரித்துத் தண்ணீர் விட்டது. பிறகு ஏறிக் காட்டியது. கொக்கு வைத்தியர் மறுபடி வந்தார்.

குரங்கைப் பார்க்க முயல் வந்தது. குரங்கு விழுந்த இடத்தைச் செல்போனில் படம் பிடிக்க வேண்டுமாம். முழு ஏணியும் தெரியவேண்டும் என்று பின்னாலேயே நடந்து, தொட்டி மூடியில் கால் வைத்தது. மூடி பழைய தகரம். முயலைப் பார்க்க வந்த காட்டுப்பன்றி, மூடி எப்படி உடைந்தது என்று கேட்டது. அது எப்படி உடைந்தது என்பதைப் பிறகு காட்டுப்பன்றியே எல்லோருக்கும் சொன்னது, கட்டுப் போட்ட வாயால்.

இப்போது தாழ்வாரம் முழுக்க மாவுக்கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனியாக ஆட்கள் வந்தார்கள். பொன்னுரங்கத்துக்கோ வந்தவர்களை ஏமாற்ற மனமில்லை. "நான் விழுந்ததை நானே காட்டினாத்தான் சரியா இருக்கும்" என்று கட்டிலை விட்டு ஒரு காலைக் கீழே வைத்தது.

சூடாமணி ஓடிப்போய் வாசலை மறித்து நின்றது. வந்தவர்கள் பக்கம் திரும்பியது. குரலைத் தாழ்த்தியது.

"ஏணியில என்னண்ணே இருக்கு? மேலத்தெரு மான் அன்னிக்கு எங்க முல்லையவே பாத்துக்கிட்டு நின்னா. கண்ணு பட்டுருச்சு."

நொண்டுகிறவை நொண்டிக்கொண்டும், நொண்டாதவை அவற்றைத் தாங்கிக்கொண்டும் எல்லாம் மேலத்தெருவுக்குக் கிளம்பின. போகும்போது யாரும் பொன்னுரங்கத்திடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மான் தோட்டத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தது. கொடியைத் தின்னலாமா என்றுதான் பார்த்தேன், வேறு ஒன்றுமில்லை என்று உள்ளதைச் சொன்னது. கூட்டம் கேட்கவில்லை. எங்கே நின்று பார்த்தாய், எந்தக் கண்ணால் பார்த்தாய் என்று வேலியின்மேல் ஏறி விசாரித்தது.

"சும்மா சொன்னா எப்படி? பாத்துக் காட்டு" என்றது குரங்கு.

வேலி சாய்ந்த சத்தம் பொன்னுரங்கம் வீடு வரைக்கும் கேட்டது. அது காலை அசைக்காமல் நன்றாகத் தூங்கியது. தேன் காலத்தில் முதல் ஆளாக மரம் ஏறியது.

நீதி: வேனிற்காலத்தில் ஏணியைக் கட்டி வையுங்கள், தொட்டியை மூடி வையுங்கள், பார்க்க வருகிறவர்களிடம் சொல்லப் பக்கத்துத் தெருவில் ஒரு பெயரையும் தயாராக வையுங்கள்.