காசிக்குப் போகவிடாத ஹங்கேரி நாய்

விதிமுறைகளை ஒன்றுவிடாமல் பின்பற்றுகிறவன் கெட்டுப்போவதில்லை என்று நம்பியிருந்தேன், என் கல்யாணத்தன்று காலை எட்டேகால் மணி வரை.

அறுபதுகளில் திருச்சியில் ஓர் ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்தேன். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போன மேலதிகாரி, ஹங்கேரி தேசத்து ஆட்டுமந்தை நாய் ஒன்றோடு திரும்பினார். நடுத்தர உருவம், சுருண்ட கறுப்பு ரோமம், விறைத்த காது, எதிரில் நிற்பவர்களைத் தலை எண்ணுகிற பார்வை. அவர் டெல்லி போனபோது நாயைப் பத்து நாள் என்னிடம் விட்டார். கூடவே டைப் அடித்த குறிப்புகள்: வாரம் ஒருமுறை சீவ வேண்டும், தினமும் ஓடவிட வேண்டும், தனியே விடக்கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக்கூடாது, வேலை கொடுக்காவிட்டால் அதுவே தேடிக்கொள்ளும். (என் வேலை நிரந்தரமாக அவர் கையெழுத்து வேண்டும். "எனக்குக் கல்யாணம் சார்" என்று சொல்ல நா எழவில்லை.)

ஆகவே ஸ்ரீரங்கத்துக் கல்யாணச் சத்திரத்துக்கு நாயும் வந்தது.

மாமனாராக வேண்டியவருக்கு முழங்கால் வலி. காசி யாத்திரையைச் சுருக்கிக்கொள்ளலாமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. தெருக்கோடி வரை நான் நடக்க வேண்டும், அவர் பின்னாலேயே வந்து கெஞ்சி அழைக்க வேண்டும், அதுதான் முறை என்று சொல்லியனுப்பினேன்.

நாயைக் கட்டி ஒரு மணி நேரம் ஆனதும், கடிகாரத்தைப் பார்த்து நானே அவிழ்த்துவிட்டேன். பிறகு குடை, விசிறி, கைத்தடி சகிதம் உலகைத் துறந்த முகத்தோடு கிளம்பினேன். உறவெல்லாம் வாசலில் கூட்டமாக நின்றது. நான் மட்டும் தனியே நடந்தேன்.

மந்தையை விட்டு ஓர் ஆடு பிரிவதை நாய் பார்த்துவிட்டது.

பத்தடி போவதற்குள் குறுக்கே வந்து குரைத்தது. இடப்பக்கம் ஒதுங்கினேன், அதுவும் ஒதுங்கியது. குதிகாலில் பல் பட்டது. குடையைப் போட்டுவிட்டுக் காசிக்கு நேர் எதிர்த்திசையில் ஓடி, நாதஸ்வரக்காரர் மடியில் விழுந்தேன்.

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"பொண்ணோட அப்பா இன்னும் கூப்பிடலையே, மாப்பிள்ளை மறுபடியும் போகட்டும்" என்றார் என் பெரியப்பா.

"போகட்டுமே. நானா தடுத்தேன்? எதுக்கும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லுங்கோ" என்றார் மாமனார்.

வாசற்படியில் படுத்திருந்த நாய் ஒரு காதைத் தூக்கியது. நான் நேரே போய் மணையில் உட்கார்ந்தேன்.

வேலை நிரந்தரமாகி, ஓய்வும் பெற்றாயிற்று. இப்போதும் கோபத்தில் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தால் என் மனைவி பின்னால் வருவதில்லை. சமையலறையில் இருந்தபடியே, "லொள்" என்கிறாள்.

திரும்பி வந்துவிடுகிறேன்.