முப்பத்தோராவது ஆள்

உலகத்தில் எல்லோரும் ஆட்டம் பார்க்கத்தான் மைதானத்துக்குப் போவார்கள். நடுவரைப் பார்க்கப் போன ஒரே மனிதர், தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவின் டோர்செட் பார்க்கில், எங்கள் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தார்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. தபால் பெட்டியில் எழுதியும் இருந்தது. ஆனால் முகத்துக்கு நேரே அவர் 'அண்ணை', முதுகுக்குப் பின்னால் 'விசிலர்'. கண்டியில் ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் பதினொரு வருடம் ரக்பி ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் ரக்பிக்கு நடுவராக இருந்தார் என்பதை எங்கள் கட்டடத்தில் முதலில் ஒருவரும் நம்பவில்லை. எங்களுக்குத் தெரிந்தவை கிரிக்கெட்டும் உதைபந்தும்தான். அந்த நீள்வட்டப் பந்தை முதன்முதலில் கண்ட நாலாம் மாடி பவளம் அக்கா, "உதுக்கு மேல ஆரும் ஏறி இருந்தவையோ?" என்று கேட்டார்.

விசிலரிடம் பழைய ஆட்டங்களின் வீடியோ கசெட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பந்து வலது பக்கம் பறக்கும். பார்க்கும் எல்லோருடைய கண்ணும் அதனோடு பறக்கும். அவருடைய கண் மட்டும் திரையின் இடது ஓரத்தில் மூச்சு வாங்க ஓடிவரும் நடுவரிலேயே நிற்கும்.

"தம்பி, பாரும், எங்க நிக்கிறார் எண்டு பாரும். என்ன வடிவா நிக்கிறார்!"

"நிக்கிறதில என்ன அண்ணை வடிவு?"

"நிக்கிறதுதான் முழு வேலையும். ஊதுறது கடைசி வேலை."

தன் சொந்த விசிலை அவர் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அதன் வாயில் பஞ்சு அடைத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏதோ ஒரு தவறைக் கண்டு முழு மூச்சாக ஊதிவிட, நெருப்புப் பிடித்துவிட்டதென்று எட்டாம் மாடிச் சனமெல்லாம் படியால் இறங்கி ஓடிப்போய்க் கார்த் தரிப்பிடத்தில் நின்றார்கள். அன்றிலிருந்துதான் பஞ்சு.

அவரோடு வாதாடுவது சுலபமான காரியமல்ல. ரக்பியில் நடுவரை எதிர்த்துப் பேசினால் பேசியவனின் அணி பத்து மீற்றர் பின்னால் போகவேண்டும். இந்தச் சட்டம் ஸ்காபரோ முழுவதற்கும் பொருந்தும் என்பது அவருடைய எண்ணம். என் சிநேகிதன் சிவநேசன் டாக்ஸி ஓட்டுபவன், கிரிக்கெட் பைத்தியம், உலகத்து நடுவர்கள் எல்லோரும் ஒருபக்கம் சாய்ந்தவர்கள் என்ற உறுதியான கொள்கை உள்ளவன். ஒரு நாள் டோனட் கடை வாசலில் அதை அவரிடமே சொல்லிவிட்டான். விசிலர் கையை நீட்டினார். "பத்து மீற்றர்." சிவநேசன் சிரித்துக்கொண்டே பின்னால் போனான். போன இடத்திலிருந்து, "இது அநியாயம் அண்ணை" என்றான். "இன்னும் பத்து." இப்படியே போய், கடைசியில் எதிர்ப் பக்கத்து பஸ் தரிப்பில் நின்றுகொண்டு தன் வாதத்தின் முக்கியமான பகுதியைக் கத்திக்கொண்டிருந்தான். நடுவில் லொறிகள் ஓடியதால் ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஏன் சொல்லச் சொல்லப் போனான் என்று பிறகு கேட்டேன். "தெரியேல்லையடா. அந்தாள் கையை நீட்டினால் கால் தானாப் போகுது" என்றான்.

அப்படிப்பட்டவருக்கு ஊத ஒரு ஆட்டம் இல்லை. அவருடைய துக்கம் அது ஒன்றுதான். பகலில் கார்க் கதவுகளுக்குக் கைபிடி செய்யும் தொழிற்சாலையில் நின்றார். மற்ற நேரமெல்லாம் ஒரே நினைப்பு: இன்னும் ஒரு தடவை, ஒரு புல்தரையின் நடுவில் நின்று ஊதவேண்டும். ரக்பிச் சங்கத்துக்கு அவருக்காக நான் தட்டச்சு செய்து கொடுத்த கடிதங்கள் ஏழு. ஏழுக்கும் மரியாதையான பதில் வந்தது. இங்குள்ள பரீட்சையை எழுதச் சொன்னார்கள், எழுதிச் சித்தியடைந்தார். பிறகு, தேவைப்படும்போது அழைக்கிறோம் என்றார்கள். சனிக்கிழமை ஆட்டங்களுக்கு நடுவர்களை வியாழக்கிழமை மாலையில்தான் அழைப்பார்களாம். ஆகவே வியாழன் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை ஒன்பதாம் மாடிக்கு யாரும் ரெலிபோன் எடுக்கக்கூடாது என்பது எங்கள் கட்டடத்தில் எழுதாத சட்டமாயிற்று. லண்டனில் இருந்த அவருடைய சொந்தத் தங்கைக்கும் அதே சட்டம்தான்.

ஒரு வியாழன் நான் அங்கே இருந்தபோது மணி அடித்தது. முதல் மணி முடியுமுன் எடுத்தார். நிமிர்ந்து நின்று, ஆங்கிலத்தில், "ஹலோ, ஸ்பீக்கிங்" என்றார். பிறகு தோள்கள் மெதுவாக இறங்கின.

"ஓம் பவளம். என்னட்டைத்தான் கிடக்கு உம்மடை பிரஷர் குக்கர். ஓமோம். நாளைக்குக் கொண்டுவந்து தாறன்."

வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், "பாவம், கிழமையை மறந்திட்டா" என்றார்.

அந்த வருடம் ஜூன் மாதத்தில் பக்கத்து மார்க்கம் நகரின் வடக்கு ஓரத்து மைதானத்தில் கனடா அணிக்கும் வெளிநாட்டு அணி ஒன்றுக்கும் ஆட்டம் என்று செய்தி வந்தது. அதற்கு முந்திய மூன்று கிழமைகளும் டோனட் கடையில் எங்கள் மேசை ஒரு தேர்வுக்குழுவாகவே மாறிவிட்டது. ரக்பி தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர்கள் மூவர். பத்திரிகையில் வந்த படத்தை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு ஆட்களைத் தெரிவுசெய்தோம்.

"பெரிய ஆக்களாப் பாத்துப் பதினைஞ்சு பேரைப் போட்டால் விஷயம் முடிஞ்சுது" என்றான் சிவநேசன்.

பவளம் அக்கா படத்தில் கடைசி வரிசையில் நின்ற ஒருவனில் விரலை வைத்தார். "உந்தப் பிள்ளையை விடாதையுங்கோ. முகத்தைப் பாத்தால் காய்ச்சல் வந்து எழும்பினவன் மாதிரிக் கிடக்கு. தாய்க்காரி எப்பிடி விட்டவளோ தெரியேல்லை."

"அக்கா, அவன்தான் அணித்தலைவன்" என்றேன்.

"இருக்கட்டும். ஒரு கிழமை ஆறட்டும்."

விசிலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பக்கத்துக்கும் முப்பது பேரை ஆரும் தெரிவுசெய்யலாம். முப்பத்தோராவது ஆளை ஆர் தெரிவுசெய்யிறது? அதைப்பற்றி இங்க ஒருத்தரும் கதைக்கேல்லை." சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். அந்த ஆட்டத்துக்கு யார் நடுவராக வரவேண்டும் என்று மூன்று பெயர்கள், தகுதி வரிசையில். கீழே, மாற்று நடுவர் இருவர். வெளிநாட்டிலிருந்து வரப்போகிறவர் அந்த ஐவரில் ஒருவரல்ல என்று தெரிந்தபோது அவர் அன்றைய டோனட்டை முடிக்கவில்லை.

"அவர் வலது பக்கம் சாய்ஞ்சு ஓடுறவர்" என்றார்.

"நான் சொன்னனெல்லே, எல்லாரும் சாய்ஞ்சவங்கள்தான்!" என்று சிவநேசன் துள்ளினான். துள்ளிவிட்டு, ஒருவரும் சொல்லாமலே எழுந்து வாசல்வரை போய் நின்றான்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முந்திய வியாழக்கிழமை, ஆறு நாற்பதுக்கு, அந்த ரெலிபோன் வந்தது. பேசியவர் இயன் என்ற கிழவர். மார்க்கத்துக் கழகம் ஒன்றின் செயலாளர். பெரிய ஆட்டத்துக்கு முன்னால் அவருடைய கழகம் இன்னொரு கழகத்தோடு ஆடுகிறது. எல்லைக்கோட்டு நடுவர் ஒருவருக்குக் கால் சுளுக்கி விட்டது. கொடி பிடிக்க வரமுடியுமா? இதை ஒழுங்காகச் செய்தால் பிறகு விசிலைப் பற்றி யோசிக்கலாம்.

செய்தி ஒன்பதாம் மாடியிலிருந்து நிலக்கீழ்த் தரிப்பிடம்வரை இறங்க இருபது நிமிடம்கூட எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அந்தத் தரிப்பிடத்தில்தான் விசிலர் வீடு கூட்டும் தும்புத்தடி ஒன்றில் துவாயைக் கொடிபோலக் கட்டிக்கொண்டு ஓடிப் பழகினார். அரைக் காற்சட்டையில் அவரை நாங்கள் கண்டது அதுதான் முதல் தடவை. பவளம் அக்கா வாயில் கையை வைத்தார். "அண்ணை, உந்தக் கோலத்தோடையோ வெள்ளைக்காரருக்கு முன்னால போகப்போறியள்?"

"அவையும் இந்தக் கோலத்திலதான் வருவினம், பவளம்."

சனிக்கிழமை எங்கள் கட்டடத்திலிருந்து போனவர்கள் நாற்பத்திரண்டு பேர். மூன்று வான்கள், நான்கு கார்கள், சிவநேசனின் டாக்ஸி. இரண்டு பெட்டி மட்டன் ரோல்ஸ். புல் மேட்டில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். இரண்டு அணிகளும் ஓடிவந்தபோது நாங்கள் பேசாமல் இருந்தோம். பின்னால், வெள்ளைக் காற்சட்டையும் கையில் சிவப்புக் கொடியுமாக ஒரு குள்ளமான மனிதர் ஓடிவந்தபோது நாற்பத்திரண்டு பேரும் எழுந்து நின்றோம்.

அன்று நாங்கள் செய்தது உலகத்தில் வேறெந்த ரக்பி மைதானத்திலும் நடந்திருக்காது. பந்து கோட்டுக்கு வெளியே போனால் அவர் கொடியைத் தூக்குவார். தூக்கியதும் நாங்கள் கைதட்டுவோம். யார் போட்டார்கள், யார் விழுந்தார்கள், எத்தனை புள்ளி, ஒன்றும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. கொடி எழுந்தால் கைதட்டு. முதல் பாதியில் பதினேழு தடவை. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் குடும்பம் ஒன்று, ஏதோ புதிய விதி வந்திருக்கிறதென்று நினைத்து எங்களோடு சேர்ந்து தட்டத் தொடங்கியது. ஒரு ஆட்டக்காரன், தான் பந்தை வெளியே உதைத்ததற்கு இப்படி ஒரு வரவேற்பா என்று நின்று எங்களுக்குக் கையசைத்தான். விசிலர் மட்டும் ஒரு தடவையும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

கடைசி நிமிடத்தில் இயனின் கழகம் ஒரு புள்ளி பின்னால் நின்றது. அவர்களில் ஒருவன் பந்தோடு மூலையில் கோட்டுக்கு அப்பால் விழுந்து ஐந்து புள்ளி எடுத்த பிறகுதான் அந்த நிலை. இனி ஒரே ஒரு உதை மீதி. பந்து இரண்டு கம்பங்களுக்கும் இடையே போனால் இரண்டு புள்ளி, வெற்றி. கம்பத்துக்கு ஒருவராக இரண்டு கொடிக்காரரும் பின்னால் போய் நின்றார்கள். பந்து உள்ளே போனால் கொடி எழும்பும் என்பதை அதற்குள் நாங்களும் கண்டுபிடித்துவிட்டோம்.

உதைத்தான். பந்து விசிலருடைய கம்பத்துக்கு மேலாக, கம்பத்தை விட உயரத்தில் போயிற்று. மற்றக் கொடிக்காரர் விசிலரைப் பார்த்தார். நடுவரும் பார்த்தார். இயன் பார்த்தார்.

"தூக்குங்கோ அண்ணை!" என்று பவளம் அக்கா கத்தினார்.

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு குரல். "தூக்குங்கோ! அண்ணை, தூக்குங்கோ!" எந்த அணி வெல்லும் என்பது எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் கொடி இன்னும் ஒரு தடவை எழும்பவேண்டும், நாங்கள் தட்டவேண்டும், அதற்குத்தான் வந்திருந்தோம்.

அவர் கம்பத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடி அவருடைய முழங்காலோடு ஒட்டிக் கிடந்தது. தூக்கவில்லை.

ஆட்டம் முடிந்த விசில் கேட்டது. இயன் தலையைக் குனிந்துகொண்டு தன் ஆட்களிடம் போனார். எங்கள் மேட்டில் தட்டத் தயாராக இருந்த கைகள் கீழே இறங்கின. சிவநேசன்தான் முதலில் வாய் திறந்தான். "முடிஞ்சுது. இனி வியாழக்கிழமையிலயும் அந்தாளுக்கு நாங்கள் ரெலிபோன் எடுக்கலாம்."

விசிலர் கொடியை ஒப்படைத்துவிட்டு, முழங்காலில் புல்லோடு மேடேறி வந்தார்.

"ஒருக்கால் தூக்கியிருந்தால் என்ன அண்ணை? கை கழண்டு விழுந்திடுமோ?" பவளம் அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"பந்து வெளியால போச்சு, பவளம்."

"எவ்வளவு வெளியால?" என்று சிவநேசன் கேட்டான்.

"ஒரு பந்து அகலம்."

"ஒரு பந்துதானே!"

பத்து மீற்றர் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. ஒரு ரோல்ஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு நடந்த பெரிய ஆட்டம் முழுவதையும், அந்த வலது பக்கம் சாய்ந்து ஓடும் நடுவரையே பார்த்தபடி இருந்தார். யார் வென்றார்கள் என்று நான் டயரியில் குறிக்கவில்லை. அவர் அந்த ரோல்ஸைச் சாப்பிடவில்லை என்று குறித்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் பதினொரு வியாழக்கிழமைகள் போயின. எடுக்கலாம் என்று சிவநேசன் சொல்லியும் ஒருவரும் ரெலிபோன் எடுக்கவில்லை. சட்டத்தை மீற ஒருவருக்கும் மனம் வரவில்லை. பன்னிரண்டாவது வியாழன் ஏழு ஐந்துக்கு மணி அடித்தது. "ஹலோ, ஸ்பீக்கிங்" என்றார். நான் எதிரே இருந்தேன். அவருடைய தோள்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இறங்கவில்லை.

இயன்தான். ரெக்ஸ்டேல் பக்கத்தில் பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டம். காலை ஒன்பது மணி, மழை வருமாம், போக ஒருவரும் விரும்பவில்லை. விசில் ஊத வருவீர்களா? அந்த உதையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

அந்த மழையில் நாங்கள் மூன்று பேர் போனோம், இரண்டு குடை. விசிலர் பஞ்சை உருவிவிட்டுத் தொடக்க விசிலை ஊதினார். நீளமான, சுத்தமான ஒரு ஒலி. சிவநேசன் மட்டும் "அடேயப்பா" என்றான். பவளம் அக்கா குடையை என் கையில் தந்துவிட்டு நனைந்துகொண்டே கைதட்டினார். பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு மூன்று கோடைகள் அவர் அங்கே ஊதினார். நான் போனது நான்கே தடவை. வேலை, வீடு என்று ஏதோ ஒரு காரணம். பிறகு வான்கூவருக்குப் போய்விட்டார். அங்கே குளிர்காலத்திலும் ரக்பி ஆடுவார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லவில்லை.

இப்போதும் மாதத்தில் இரண்டு தடவை ரெக்ஸ்டேலுக்கு எனக்கு அலுவல் உண்டு. நெடுஞ்சாலையால் போனால் ஏழு நிமிடம் மிச்சம் பிடிக்கலாம். அந்த மைதானம் மற்றத் தெருவில் இருக்கிறது. நெடுஞ்சாலையால் நான் இன்னும் ஒரு தடவையும் போகவில்லை.