வலிமானியின் பூஜ்யம்

மனித குலத்தின் மிகப் பழைய வழக்கொன்று குஷாய்குடா தொழிற்பேட்டையில் தீர்ந்துபோனது. ஒருவருக்கு வலிக்கிறதா என்பதை அவரைக் கேட்காமலே அறிய முடியுமா? முடியும் என்று நிரூபித்தவர் ஓர் அளவுக்கருவிக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கிதியோன். தத்துவவாதிகள் நூற்றாண்டுகளாகத் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தை அவர் மூன்று கமிட்டிக் கூட்டங்களில், இரண்டு தட்டு சமோசாவோடு முடித்துவிட்டார்.

கருவியின் பெயர் வலிமானி. நெற்றியில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். மருத்துவ விடுப்புக் கேட்பவர்கள் இனி அதன் முன்னால்தான் உட்கார வேண்டும். சுற்றறிக்கை தெளிவாகச் சொன்னது: "வலிக்கிறவரின் வாக்குமூலம் சொந்த லாபம் கருதியது. ஆகவே ஏற்கப்படாது."

ஒரு சின்ன வேலை மட்டும் பாக்கி. எந்தக் கருவிக்கும் பூஜ்யம் எங்கே என்று முதலில் காட்டியாக வேண்டும். அதற்கு வலியே இல்லாத ஓர் ஆள் தேவை. கமிட்டி விழித்தது. கிதியோன் பெருமிதத்தோடு எழுந்தார்.

"எங்க வீட்லயே இருக்கு சார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், ஒரு நாள் முடியலைன்னு படுத்ததில்ல."

இப்படியாக அவர் மனைவி ஜெயசுந்தரி கம்பெனியின் 'அதிகாரபூர்வ பூஜ்யம்' ஆனாள். அவளுக்குப் பட்டையை மாட்டியபோது கருவி காட்டிய அளவையே பூஜ்யம் என்று குறித்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் பேக்கிங் பிரிவு ஆரோக்கியசாமி. பெட்டி தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டதில், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார்.

"மைனஸ் நாலு," என்றார் கிதியோன்.

"என்ன சார் மைனஸ்? உயிர் போகுது!"

"வலியே இல்லாதவங்களைவிட நாலு பாயின்ட் சுகமா இருக்கீங்க. கொடுத்துவச்சவர்."

விடுப்பு மறுக்கப்பட்டது. அந்த வாரம் வந்த பதினோரு பேரும் மைனஸ்தான். கையில் மாவுக்கட்டுப் போட்டவரும் மைனஸ். கம்பெனி ஆனந்தத்தில் மிதப்பதாக அறிக்கை போனது. ஆனால் சனிக்கிழமை ஆரோக்கியசாமி மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் அழுதார். கிதியோன் அதைப் பார்த்துவிட்டார். அழுகைக்கு எண் கிடையாது என்பதால் பொருட்படுத்தாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. பூஜ்யத்தை மறுபரிசோதனை செய்யக் கருவியை ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்கே எடுத்துப்போனார்.

ஜெயசுந்தரி போவன்பள்ளி சந்தையிலிருந்து வந்த தக்காளியைத் தரையில் கொட்டி, நல்லதையும் நசுங்கியதையும் பிரித்துக்கொண்டிருந்தாள். பட்டையை மாட்டினார்.

"ஜெயா, வலிக்குதா?"

அவள் கை நின்றது. "வலிக்குது."

"போன தடவை இல்லைன்னியே!"

"போன தடவை 'வலி ஒண்ணும் இல்லைல்ல?'ன்னு கேட்டீங்க. ஆபீஸ்காரங்க நாலு பேர் வேற நின்னாங்க. இல்லைன்னேன்."

"எத்தனை நாளா?"

"எமி பொறந்ததுலேருந்து."

மகள் எமி இப்போது வேலைக்குப் போகிறாள்.

விஞ்ஞானி கலங்கக் கூடாது. கிதியோன் உடனே படிவத்தை எடுத்து எழுதினார்: "கருவியில் பிழையில்லை. பூஜ்யத்துக்கு இருபத்தைந்து வருடமாக வலி இருந்தது தெரியவருகிறது. ஆரோக்கியசாமிக்கு முன்தேதியிட்டு வலி அனுமதிக்கலாம்."

ஜெயசுந்தரி கிளிப்பைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். "எழுதியாச்சா?"

"ஆச்சு."

"எங்கே வலிக்குதுன்னு கேக்கலையே?"

கிதியோன் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. படிவத்தைத் தயாரித்தவரும் அவரே.