புலிக்கு ஒரு காடு

என் மனைவியை ஓவியத்திலிருந்து எப்படியாவது மீட்டுவிடுவது என்று ஒரு நாள் முடிவு செய்தேன்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். ஒரு கோடு மயிரிழை பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. அவளோ மகள் கல்யாணமாகிப் போனபின் காலியான அறையில் உட்கார்ந்து, யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் காடு காடாக வரைந்து தள்ளினாள். குடை அகலத்துக்கு இலைகள். ஒரே வானத்தில் சூரியனும் நிலாவும். நடுவில் ஒரு புலி, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்க்கும்.

"புலிக்கு இடுப்பையே காணோமே?"

"புல்லுக்குள்ள இருக்கு."

"நீ புலியைப் பார்த்திருக்கியா?"

"கனவுல வரும்."

"கனவுல வர்றதுக்கு அளவு ஏது? நாலு பேர் பார்த்தா சிரிப்பாங்க."

அவள் தூரிகையைக் கழுவி வைத்தாள். அன்று சாப்பிடவும் இல்லை. நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் திட்டத்தை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போனேன். நிஜப் புலியைப் பார்த்தால் தானாகவே நிறுத்திவிடுவாள் என்பது என் கணக்கு.

புலி எங்களுக்கு முதுகைக் காட்டி, வெறும் சிமெண்ட் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அவள் வெகுநேரம் நின்றாள்.

"என்ன, அளவு தெரியுதா?"

"தெரியுது." குரல் கம்மியிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று டீ வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால், புலியைப் பராமரிக்கும் ஆள் அவள் வரைந்த படத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருந்தார். பையில் சுருட்டி எடுத்து வந்திருக்கிறாள்.

"இது இங்கயே பொறந்தது சார். காட்டையே பார்த்ததில்ல. எந்நேரமும் இந்தச் சுவர்தான். அம்மா இதுல காடு வரைஞ்சு தர்றேங்கறாங்க. நான் ஆபீசுல பேசறேன்."

"இவ முறையா கத்துக்கலைங்க. அளவெல்லாம் தப்பா இருக்கும்."

"புலி அளந்து பார்க்காது சார்."

பஸ்ஸில் மெல்லக் கேட்டேன். "படத்தை எதுக்கு எடுத்துட்டு வந்த?"

"நீங்க எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சுதான்."

அனுமதி கிடைத்தது. புலியைப் பக்கத்துக் கூண்டுக்கு மாற்றினார்கள். ஒன்றரை மாதம் சுவரோடு இருந்தாள். புலியைத் திரும்ப விட்ட அன்று நானும் போயிருந்தேன். அது ஒவ்வொரு இலையாக மோந்து பார்த்தபடி நடந்தது. பிறகு வரைந்த புல்லோடு உடம்பை ஒட்டிப் படுத்துக்கொண்டு, முதல் தடவையாக எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பியது. பராமரிப்பவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றேன்.

"விடுங்க. அடுத்தது கரடி. அது முடிஞ்சதும் குரங்கு."

இப்போது அவள் ஊழியர் வாசல் வழியாக உள்ளே போகிறாள். பகலில் என் மனைவியைப் பார்க்க வேண்டுமென்றால், நான் வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டும்.