கூட்டத்துக்கு முந்திய கூட்டம்

சேசு மரி சூசை துணை

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
1959 மே 14, வியாழக்கிழமை

அரியாங்குப்பம் சம்பந்தி சகாயநாதன் அவர்களுக்கு, நெல்லித்தோப்பு சவரிராயன் பணிவுடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான், மகள் ரோசா, பேரப்பிள்ளை மூவரும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இது என் கையால் நான் எழுதும் முதல் கடிதம். அறுபத்தாறு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மேலே உள்ள நாலு வரிக்கே காபி ஆறிவிட்டது, ஆனால் பாருங்கள், ஒரு வரிகூடக் கோணவில்லை. இனிமேல் நமக்கு நடுவில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாம், எவ்வளவு பெரிய ரகசியத்தையும் நேரே எழுதலாம். இதுவே ரகசியம்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் உங்கள் மனிதர்களோடு வந்து, ரோசாவைத் திரும்ப அழைத்துப் போவது பற்றிப் பேசப் போகிறீர்கள் அல்லவா? அந்தப் பேச்சில் எங்கள் தரப்பு என்ன சொல்லும் என்பது உங்கள் தரப்புக்கு முன்னால் தெரியக் கூடாது என்று எங்கள் கூட்டத்தில் தீர்மானம் ஆகியிருக்கிறது. அந்தத் தீர்மானத்தைத்தான் இப்போது உங்களுக்குத் தெரிவிக்கிறேன். நீங்கள் உங்கள் தரப்பில் யாரிடமும் சொல்லிவிட வேண்டாம்.

எல்லாம் வாசகசாலையில் பத்திரிகை படித்ததால் வந்தது. ஜெனிவா என்ற ஊரில் நாலு பெரிய தேசங்களின் வெளிநாட்டு மந்திரிகள் திங்கட்கிழமை கூடியிருக்கிறார்கள். ஜெர்மனி யுத்தத்துக்குப் பிறகு இரண்டு துண்டாகக் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்று பேச்சு. ஒரு பக்கம் ருஷ்யா, மறு பக்கம் அமெரிக்கா, இங்கிலாந்து, நம்மை ஆண்ட பிரான்சு. இந்த மூவரும் கூட்டாளிகள். அப்படிப்பட்டவர்கள் ஜெனிவாவுக்குப் போவதற்குப் பத்து நாளைக்கு முன்பே பாரீசில் கூடி, அங்கே போய் என்ன பேசுவது என்று பேசினார்களாம். இது எனக்கு விளங்கவில்லை. கூட்டாளி என்றால் ஒரே பேச்சுக்காரன்தானே, அதற்கு எதற்கு ஒரு கூட்டம்? வகுப்பு வாத்தியாரைக் கேட்டேன். "உள்ளுக்குள்ள அடிச்சுக்கிறத முன்னாடியே அடிச்சு முடிச்சுட்டா, அங்க போய் ஒத்துமையா நிக்கலாம் பெரியவரே" என்றார். சரி, அவ்வளவு பெரிய தேசங்களே செய்கிற காரியத்தை நாம் செய்யாமல் விட்டால் ரோசா விஷயம் கெட்டுப்போகுமே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

அவள் மூன்று மாதமாக இங்கே இருப்பதன் காரணம் தாங்கள் அறிந்ததே. அவளுக்குத் தனி அடுப்பு வேண்டும், தங்கள் வீட்டம்மாளுக்கு ஒரே அடுப்புதான் வேண்டும், மாப்பிள்ளை மரியசூசையோ இரண்டு பக்கமும் பேசாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார். அடுப்பு ஒன்றோ இரண்டோ, எனக்கு அதில் வழக்கில்லை. தாயில்லாமல் நான் வளர்த்த பெண், குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் புருஷனோடு சேர்ந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியது.

ஆகவே நேற்று புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு என் கூட்டாளிகளைக் கூட்டினேன். என் அக்கா இருதயமேரி, ரோசாவின் தாய்மாமன் சின்னப்பன், பக்கத்து வீட்டு நாராயணசாமி, இவர்கள் மூவர். நாராயணசாமி பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோர்ட்டில் சேவகராக இருந்தவர், முறை தெரிந்தவர், இன்னும் ஐயா என்பதற்குப் பதில் முசே என்பவர். பெரிய மார்க்கெட்டுக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்தேன், ரோசா குழம்பு வைத்தாள். ஒற்றுமையாகப் பேசி முடித்து ஒற்றுமையாகச் சாப்பிடுவது என்பது என் திட்டம். ஆனால் என் வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான், மற்றது பெஞ்சு. "மூத்தவ நான், நாற்காலி எனக்கு" என்றாள் அக்கா. "தாய்மாமன் பெஞ்சுல குந்தினா அரியாங்குப்பத்தான் என்னா மதிப்பான்?" என்றான் சின்னப்பன். "அரியாங்குப்பத்தான் இன்னிக்கு வரலடா, ஞாயித்துக்கெழமதான் வரான்" என்றேன். "இன்னிக்கு விட்டுக் குடுத்தா அன்னிக்கும் விட்டுக் குடுத்த மாதிரிதான் மாமா" என்றான். ஜெனிவாவிலும் யார் எங்கே உட்காருவது என்ற தகராறில்தான் கூட்டம் தொடங்கவே நேரமாயிற்றாம், மந்திரிகளுக்கு வட்ட மேசையும் ஜெர்மனிக்காரர்களுக்குப் பக்கத்தில் தனியாகச் சின்ன மேசையும் போட்டார்களாம். யாருடைய வீட்டைப் பற்றிய பேச்சோ அவர்களுக்குச் சின்ன மேசையா, இதுவும் எனக்கு விளங்கவில்லை என்று எடுத்துச் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் நாற்காலியில் யாருமே உட்காரக் கூடாது என்று முடிவாகி, அதில் நாராயணசாமியின் தொப்பியை வைத்தோம். அப்போதே மணி பன்னிரண்டரை.

பிறகு கோரிக்கைகள். தங்கள் வீட்டம்மாள் முதலில் ரோசாவைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், பிறகுதான் பேச்சு என்கிறாள் அக்கா. கல்யாணத்தில் செய்தது போலத் தாம்பாளத்தோடு வந்து, முதலில் தாய்மாமனைத்தான் கூப்பிட வேண்டும் என்கிறான் சின்னப்பன். "அழுகாச்சியும் தாம்பாளமும் கோர்ட்டுல நிக்காது முசே, ப்ரோசே வெர்பால் எழுதணும்" என்கிறார் நாராயணசாமி. யார் என்ன சொன்னார்கள் என்று வரி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குவதாம். நான் எழுதுகிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டேன். "அப்ப அவரு பக்கம் சாஞ்சுட்ட" என்று அக்காவுக்குக் கோபம். சாப்பிட வாருங்கள் என்றேன். சம்பந்தம் பேச வந்த வீட்டில், பேச்சு முடிந்தால்தான் கை நனைப்பது, கை நனைத்தால் சம்மதம் என்பது நம் வழக்கம் அல்லவா? அக்கா எழுந்து நின்று, "என் பேச்சு நிக்காத வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றாள். சின்னப்பனும் மாட்டேன் என்றான். நாராயணசாமி தொப்பியை எடுத்துக்கொண்டார். சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வார்த்தை இது. எங்கள் ஆட்களே எங்கள் வீட்டில் என்னைப் பார்த்துச் சொன்னால் நான் எந்தத் தரப்பு?

அந்த நேரத்தில் பின்கட்டில் யாரோ ஏப்பம் விட்டார்கள். போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை மரியசூசை. மடியில் குழந்தை, எதிரில் இலை, இலையில் மீன் முள். ரோசா விசிறிக்கொண்டு நிற்கிறாள்.

"யாரக் கேட்டுடா கை நனைச்ச?" என்று அக்கா கத்தினாள்.

"யாரையும் கேக்க வேணாம்னு ரோசாதான் போட்டுது பெரியம்மா."

"எத்தினி தரம் போட்டுக்கின?"

"மூணு."

இப்போது என் குழப்பத்தைக் கேளுங்கள். கை நனைத்தாயிற்று, ஆகவே எல்லாம் முடிந்தது, நம் கோரிக்கைக்கு மாப்பிள்ளை சம்மதித்துவிட்டார் என்கிறாள் அக்கா. இல்லை, சோறு போட்டது நாம், ஆகவே நாம்தான் அவர்களுக்குச் சம்மதித்துவிட்டோம், மோசம் போனோம் என்கிறான் சின்னப்பன். எதற்குச் சம்மதம் என்றே எழுதாதபோது மூன்று தரம் தின்றாலும் செல்லாது என்கிறார் நாராயணசாமி. மாப்பிள்ளையைக் கேட்டேன். "கொழம்பு நல்லா இருந்துது மாமா" என்றார்.

ஆகையால் தாங்கள் பெரிய மனது செய்து, உங்கள் தரப்பில் இந்தச் சாப்பாடு செல்லுமா செல்லாதா என்று உங்கள் கூட்டாளிகளைக் கூட்டிப் பேசி, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு எழுத வேண்டும். பெரிய எழுத்தாக எழுதவும். ஜெனிவாவில் எப்படி முடிகிறதோ, நம் வீட்டில் நல்லபடியாக முடிய அன்னை மரியாள் துணை நிற்கட்டும். தங்களுக்கும் வீட்டம்மாளுக்கும் என் தோத்திரம். வேலியோரத்து முருங்கை உட்பட வீட்டில் எல்லாம் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
தாங்களே கையெழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்,
சவரிராயன்

பின்குறிப்பு: பிழை பார்த்துக் கொடு என்று ரோசாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவு சிரிப்பு. "ஞாயித்துக்கெழம ஒருத்தரும் வர வேணாம்பா. இங்கருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் பாத்தாச்சு. நாளன்னிக்கு சனிக்கெழம பால் காய்ச்சுறோம்" என்றாள். எப்போது முடிவாயிற்று என்று கேட்டேன். "ஒரு மாசம் ஆவுது. புதன்கெழம தோறும் அவரு புள்ளையப் பாக்க வருவாரு, நீ வாசகசாலையில இருப்ப" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம், ஆனால் சம்பந்தி, மேலே எழுதியது எதுவும் இனிமேல் செல்லாது. உங்கள் வீட்டுக்கும் அவள் வரவில்லை, என் வீட்டிலும் இருக்கப் போவதில்லை. மாப்பிள்ளை தம் தாயாரிடம் இன்னும் சொல்லவில்லையாம், நீங்கள் சொல்வீர்கள் என்று இருக்கிறார். நேற்று வந்தவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார், இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே இன்று கொடுத்தனுப்புகிறேன். தங்கள் வீட்டம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாம் இருவரும் முன்னால் கூடிப் பேசியாக வேண்டும். நாளை காலை எட்டு மணிக்குப் பெரிய மார்க்கெட் மணிக்கூண்டுக்கு அடியில் நிற்பேன். தனியாக வரவும்.