பூட்டுக்காரரின் கட்டைவிரல்

ஆபீஸில் பூட்டுக்காரர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். எதிரே கணினித் திரையில் சிவப்பு எழுத்துகள்: 'உங்கள் கணக்கில் யாரோ நுழையப் பார்க்கிறார்கள். நீங்கள்தானா? கைபேசியில் பதில் சொல்லவும்.'

கைபேசி வீட்டில், சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது.

கம்பெனியில் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று முடிவு செய்வது அவர் வேலை. பூட்டுக்காரர் என்ற பட்டம் அப்படி வந்ததுதான். முதலாளியே கடவுச்சொல்லை மறந்துவிட்டு வந்து நின்றால்கூட, "நீங்கதான் நீங்கன்னு என்ன நிச்சயம்?" என்று கேட்கிற ஆசாமி. அதே கெடுபிடி வீட்டிலும். போன மாதம் கைபேசியிலிருந்து மனைவியின் விரல் பதிவை நீக்கி, "வீட்டு ஆளுங்களுக்கு அனுமதி கிடையாது" என்று அறிவித்தார்.

அப்பேர்ப்பட்டவர்தான் நேற்று எவனோ அனுப்பிய போலி மின்னஞ்சலை நம்பி, தன் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்திருந்தார். இப்போது கைபேசியில் 'ஆம்' என்று யாராவது அமுக்கினால் போதும். வாடிக்கையாளர் விவரம் அத்தனையும் திருடன் கையில், பூட்டுக்காரர் நடுத்தெருவில். தன் கணக்கைத் தானே முடக்கலாமென்றால், அதற்கும் அந்தக் கைபேசிதான் வேண்டும்.

ஆபீஸ் தொலைபேசியில் மனைவியை அழைத்தார்.

"என் போன் கத்துதா?"

"காலையிலேருந்து! 'நீங்கள்தானா, நீங்கள்தானா'ன்னு உயிரை வாங்குது."

"ஐயோ, தொடாதே!"

"அமுக்கிட்டேனே."

"அதுல உன் விரல்தான் கிடையாதே?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் குறட்டை விட்டீங்களே, அப்ப திரும்பச் சேத்துக்கிட்டேன். பூட்டு எண் ஒண்ணு ரெண்டு மூணு நாலுதானே?"

"அது கிடக்கட்டும்! 'ஆமா'ன்னு அமுக்கினியா, 'இல்லை'ன்னு அமுக்கினியா?"

"இருங்க, பால் பொங்குது."

போனைத் துண்டிக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். முதலாளி அறையின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தொலைபேசியோடு மேஜைக்கடியில் குனிந்துகொண்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை எல்லாம் கண்முன் வந்து போயின. அழுகை வரும்போல இருந்தது.

"ம், சொல்லுங்க."

"தாயே, எதை அமுக்கினே? நேத்து என் கடவுச்சொல்லை ஒரு திருட்டுப் பயகிட்ட கொடுத்துட்டேன். வேலையே போயிடும்!"

"இல்லைன்னுதான். ஒரு காரியத்தை நீங்களா செஞ்சதா சரித்திரம் உண்டா? 'நீங்கள்தானா'ன்னு கேட்டா, வேற என்ன சொல்றது?"

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உயிர் வந்ததும் மிடுக்கும் வந்துவிட்டது. கடவுச்சொல்லை மாற்றக் கைபேசி வேண்டுமே என்று, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். வழியெல்லாம் ஒரே யோசனை: முதல் வேலையாக இவள் விரலை மறுபடி நீக்க வேண்டும்.

கைபேசியில் கட்டைவிரலை வைத்தார். திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஒன்று இரண்டு மூன்று நான்கு போட்டார். ம்ஹூம்.

"என்னடி இது, என்னையே உள்ள விடமாட்டேங்குது?"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தன் விரலை வைத்துத் திறந்தாள்.

"கேட்டவனுக்கெல்லாம் கடவுச்சொல்லைக் கொடுக்கிற ஆளை நம்பி எப்படிங்க போனை விடறது? உங்க விரலை எடுத்துட்டு, பூட்டு எண்ணையும் மாத்திட்டேன். வேணும்ங்கிறப்போ சொல்லுங்க, பக்கத்துல நின்னு திறந்து தரேன்."